துண்டு கிடக்கும் தூரம்

காலை ஆறரை மணி லீ பஜாரில் மனிதருக்கு உடம்பு மட்டும்தான் உண்டு. உடம்பைச் சுற்றி இடம் என்று ஒன்று கிடையாது. லாரி பின்கதவை இறக்கிவிட்டு நிற்கிறது. தெருவில் பாதி அதற்கே போய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு குட்டியானை, இரண்டு தள்ளுவண்டி, பால் கேன் கட்டிய மொபெட், டியூஷனுக்குப் போகும் பெண்பிள்ளையின் சைக்கிள். எஞ்சிய சந்தில் தலைமேல் ஐம்பது கிலோ பருப்பு மூட்டையோடு ஒருவர் வருகிறார். மூட்டை சுமக்கிறவருக்குக் கழுத்து திரும்பாது. பார்வை தரையில். "ஓரம்... ஓரம்..." என்கிற குரல் மட்டும் அவருக்கு இரண்டடி முன்னால் வருகிறது.

எதிரே வந்த மண்டிக்காரர் வெள்ளை வேட்டியின் நுனியைத் தூக்கிப் பிடித்து, வயிற்றை எக்கி, சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். மூட்டையின் காது அவர் சட்டையை உரசிக்கொண்டு போகிறது. சணல் தூசியைத் தட்டிவிடுகிறார்; முகம் சுளிக்கவில்லை. சுமந்தவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே வழிவிடுவதற்கு ஒரே கணக்கு: யார் தலையில் பாரமோ அவருக்கு வழி.

கால் மணி நேரம் கழித்து அதே இருவர். சரக்கு இறங்கி முடிந்தது. சுமந்தவர் சும்மாட்டை அவிழ்த்து உதறி, மறுபடி துண்டாக்கி, முகம் துடைத்து, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். கடைக்கு மூன்று படி. அவர் நிற்பது படிக்குக் கீழே. மண்டிக்காரர் மேலே கல்லாவில். கூலி வாங்க இடுப்பு முன்னால் வளைகிறது, கை முழுதாக நீள்கிறது, கால் மட்டும் படியேறவில்லை. அதே படிகளில் ஏறி இறங்கித்தான் சற்று முன்வரை மூட்டைகளை அடுக்கினார். பாரத்தோடு வந்தபோது கிடங்கின் கடைசி மூலைவரை திறந்திருந்த கடை, பாரம் இறங்கியதும் முதல் படியிலேயே முடிந்துவிட்டது. யாரும் கதவைச் சாத்தவில்லை. யாரும் எதுவும் சொல்லவும் இல்லை.

லீ பஜார் இருக்கும் செவ்வாய்ப்பேட்டை சேலத்தின் மொத்த வியாபாரப் பேட்டை. பருப்பு, எண்ணெய், மிளகாய், புளி, ஜவ்வரிசி, வெல்லம் என்று எல்லாம் கைமாறும் இடம். விருத்தாசலம் பாதையில் உள்ள சேலம் மார்க்கெட் ரயில் நிலையம் இங்கேதான் இருக்கிறது. தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்து அகலத்திலேயே நின்றுவிட்டன. சரக்கு மட்டும் லாரிக் காலத்துக்கு வந்துவிட்டது. ஆகவே ஒருவரை ஒருவர் தொடாமல் இங்கே ஒரு காலைப்பொழுதைக்கூடக் கழிக்க முடியாது. தொட்டுக்கொண்டே எப்படி எட்டி நிற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை பார்க்கிறவனுக்கு வேலை.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966ல் வெளியிட்ட நூலில் மனிதருக்கு நடுவே உள்ள தூரத்தை நான்காகப் பிரித்தார். 18 அங்குலம்வரை மிக நெருங்கியவர்களுக்கு. அங்கிருந்து 4 அடிவரை நண்பர்களுக்கு. 4 முதல் 12 அடி காரியப் பேச்சுக்கு. அதற்கப்பால் மேடைக்கு. அந்த முதல் எல்லையான 18 அங்குலம் நம் கணக்கில் ஒரு முழம். மாரியம்மன் கோவில் பக்கம் பூ விற்கிற அம்மாள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மல்லிகையை அளக்கிறாரே, அதே நீளம். (விரலை மடக்கிக்கொண்டு அளக்கிறார் என்பது தனிப் புகார்.)

ஹால் நேர்மையான மனிதர். தாம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையைச் சேர்ந்த நடுத்தர வர்க்கத்தினரைத்தான், இதை உலகத்துக்கெல்லாம் பொருத்தாதீர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உடல்மொழி வகுப்புகளில் இன்றைக்கும் அந்த நான்கு வட்டங்களைப் பலகையில் வரைகிறார்கள். அந்த முழக்கோலை லீ பஜாரில் வைத்து அளந்தால் காலை ஏழு மணிக்கு எல்லோரும் எல்லோருக்கும் கணவன் மனைவி.

கோடு இல்லாமல் இல்லை. அது காலடியில் இல்லை, அவ்வளவுதான். பூக்கூடையைச் சுற்றி ஐந்து பெண்கள் தோள் இடிக்க நிற்கிறார்கள். ஒருத்தியின் மூச்சு அடுத்தவள் காதில் படுகிறது. ஒருத்தியும் இன்னொருத்தி முகத்தைப் பார்ப்பதில்லை. பத்துக் கண்ணும் மல்லிகைச் சரத்தின்மேல். அடுத்தவள் சுருக்குப்பையைத் திறக்கும்போது மட்டும் எல்லாத் தலையும் ஒரு நூலிழை அந்தப் பக்கம் திரும்புகின்றன. காசை எண்ணி முடித்த பிறகு திரும்பி வருகின்றன. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் இதைத்தான் கண்ணால் செய்கிற மரியாதை என்கிற பொருளில் 1963ல் எழுதினார்: பார்த்தேன் என்று தெரியும் அளவுக்குப் பார்ப்பது, பிறகு பார்வையை எடுத்துக்கொள்வது. உடம்புக்கு இடம் கொடுக்க முடியாத ஊரில் கண் அதை ஈடுகட்டுகிறது.

மண்டிக்கு அடுத்த சில்லறைக் கடைக்காரரின் உடம்பு கடையோடு நிற்பதில்லை. ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறியதும் வாய் திறந்த மூட்டைகள் வெளியே வரத் தொடங்குகின்றன. படிமேல் ஒரு வரிசை, சாக்கடைப் பலகைமேல் ஒரு வரிசை, தார்ச்சாலையில் ஒன்று. முந்திரியும் ஏலக்காயும் கண்ணாடிக்கு உள்ளே. உளுந்தும் கடலையும் நடுவே. வெளிக்கோடியில் எப்போதும் தவிட்டு மூட்டை அல்லது கல்லுப்பு. லாரிச் சக்கரம் இடித்தால் நட்டம் குறைவு. எல்லையில் காவலுக்கு நிறுத்தப்படுவது எங்கேயும் விலை குறைந்தவர்தானே.

பக்கத்துக் கடைக்கும் இதற்கும் நடுவே ஒரு தூண். கடைப்பையன் கூட்டும்போது துடைப்பம் தூணின் நடுப்பகுதிவரை வருகிறது, அங்கே நிற்கிறது. குப்பை அந்தக் கோட்டில் ஒரு சின்னக் கரையாகக் கிடக்கிறது. பக்கத்துக் கடைப்பையன் அந்தப் பக்கத்திலிருந்து கூட்டி வந்து மறுகரை கட்டுகிறான். ஒரு நாள் அந்தக் கடைக்காரர் உடைந்த முக்காலி ஒன்றைத் தூணுக்கு இந்தப் பக்கம் போட்டார். மறுநாள் இவர் தராசை நகர்த்தி முக்காலியோடு ஒட்டி வைத்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை சுமுகமாகவே இருந்தது. ஒருவர் வாங்கிய டீயை மற்றவர் குடித்தார். சண்டை முழுவதையும் முக்காலியும் தராசும் பார்த்துக்கொண்டன. ஆக்கிரமிப்பு அகற்றும் மாநகராட்சி வண்டி தெருமுனையில் தெரிந்ததும் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். இவர் மூட்டையை அவர் தூக்க, அவர் பெட்டியை இவர் தூக்க, சற்று நேரத்தில் தெரு அதன் பிறந்த அகலத்துக்கு வந்தது. வண்டி திரும்பிப் போனதும் முதலில் வெளியே வந்தது தவிட்டு மூட்டை.

அதே படிக்கு ஒன்பது மணிக்கு முன்னால் வேறு சொந்தக்காரர். விடியலில் ஒரு கீரைக்காரம்மா ஈரச்சாக்கு விரித்து உட்கார்கிறார். அவர் சாக்கின்மேல் யார் நிழலும் விழலாம், யார் காலும் படக்கூடாது. ஷட்டரின் பூட்டு கிணுங்கும் சத்தம் கேட்டதும் யாரும் சொல்லாமலே எழுந்து சாக்கைச் சுருட்டுகிறார். போகும்போது இரண்டு கட்டு அரைக்கீரை படியின் மூலையில் இருக்கும். இது வாடகையா என்று கேட்டால் இரு தரப்பும் சண்டைக்கு வரும். இரவு பத்துக்கு மேல் அதே படியில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுவிட்டுப் படுக்கிறார். தெருவோர வியாபாரிகளுக்காக 2014ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் சான்றிதழ், விற்பனைக் குழு, விற்பனை மண்டலம் என்று பேசுகிறது. ஒரே படியை மூன்று பேர் பொழுது பிரித்து ஆளுகிற இந்த ஏற்பாட்டில் எழுத்து என்று எதுவுமில்லை.

பதினொரு மணிக்கு அந்தக் கடைக்குத் தண்டல்காரர் வருகிறார். சேலம் நாமக்கல் பக்கத்துச் சிறு வியாபாரம் காலையில் வாங்கி மாலையில் கட்டுகிற பணத்தில் ஓடுகிறது. அவர் வருவதும் தினசரி நடப்புதான். ஆனால் அவர் நடப்பதைப் பார்க்க வேண்டும். படிக்குக் கீழே நிற்கவில்லை. மூன்று படியையும் இரண்டு எட்டில் ஏறினார். போகிற போக்கில் கடலை மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். கல்லாப்பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கடைக்காரர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி, தாழ்ந்த குரலில் பேசினார். "என்னங்ணா, ரெண்டு நாளா காணோம்?" தோல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

கடைக்காரரின் வாய் பதில் சொன்னது. உடம்பு வேறு வேலையில் இருந்தது. கணக்கு நோட்டு மெல்ல மார்புப் பக்கம் நகர்ந்தது. மேசைமேல் கிடந்த தகரக் கரண்டி எடுக்கப்பட்டு இரண்டு முகத்துக்கும் நடுவே வைக்கப்பட்டது. முதுகு பின்னால் சாய்ந்து சாமிப் படத்தில் முட்டியது. அதற்கு மேல் போக இடமில்லை. 2009ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி அவருக்குப் பழுதாகியிருந்தது. எதிராளியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வசதி என்று கேட்டபோது மற்றவர்கள் சராசரியாகச் சுமார் 64 சென்டிமீட்டரில் நின்றார்கள். அவர் சுமார் 34ல் நின்றார். மூக்கோடு மூக்கு நின்றாலும் அவருக்குச் சங்கடமில்லை. கல்லாக்காரருக்கு அமிக்டலா நன்றாக வேலை செய்கிறது. பாக்கி இருப்பதால் அதன் பேச்சைக் கேட்க முடியவில்லை.

நெருங்குகிறவர் எல்லாம் அன்பால் நெருங்குவதில்லை. காலையில் மண்டிப் படியில் கூலிக்காரர் ஏறவில்லை, இந்தப் படியில் தண்டல்காரர் ஏறுகிறார் என்றால், இடத்தின் அளவுகோல் யாருக்கு யார் கடன் என்பதில் இருக்கிறது.

தெருவின் மறுபக்கம் டீக்கடை. வெளியே ஒரு பெஞ்ச். வசதியாக மூன்று பேர், வழக்கமாக ஐந்து பேர். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓரத்தில் இருந்தவர் கிளாஸில் கடைசி வாய் டீ மிச்சமிருந்தது. எழுந்துவிடுவார் என்று நினைத்து ஒருவர் எதிரே வந்து நின்றார். அவ்வளவுதான், இவர் கிளாஸைக் கீழே வைத்தார், தினத்தந்தியின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார், கால்மேல் கால் போட்டார். 1997ல் ருபாக், ஜுயெங் என்ற இருவர் அட்லாண்டாவின் வணிக வளாகம் ஒன்றில் கார்கள் கிளம்புவதை மணி பார்த்து எண்ணினார்கள். யாரும் காத்திருக்காதபோது வண்டியை எடுக்கச் சுமார் 32 நொடி. இன்னொரு கார் இடத்துக்காகக் காத்து நின்றால் சுமார் 39 நொடி. போகப்போகிற இடத்தைக்கூட யாரோ கேட்டால் விட மனம் வருவதில்லை. செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் ஏழு நொடியில் முடிப்பதில்லை. இவர் விளையாட்டுப் பக்கம்வரை படித்தார்.

அந்த நேரத்தில் லாரி ஒன்று கிளம்பியது. அது நின்ற இடத்தில் தார்ச்சாலைமேல் நீள்சதுரமாகச் சிந்திய தானியம். கிழிந்த சாக்கு, கொக்கி குத்திய ஓட்டை, கை தவறிய மூட்டை, எல்லாவற்றிலிருந்தும் விழுந்தது. லாரி நகர்வதற்கு முன்பே ஒரு பெண் அதன் பின்சக்கரத்தருகே முறத்தை வைத்துவிட்டாள். உட்காரவில்லை, கூட்டவில்லை, முறத்தை மட்டும் கவிழ்த்து வைத்தாள். இன்னும் இரண்டு பெண்கள் துடைப்பத்தோடு சற்றுத் தள்ளி நின்றார்கள். முறம் கண்ணில் பட்டதும் ஒருத்தி அடுத்த லாரியைப் பார்க்க நடந்தாள். மற்றவள் நின்றாள், ஆனால் முறத்துக்கு அந்தப் பக்கம் போகவில்லை. சக்கரம் இழுத்துக்கொண்டு போன ஓரச் சிதறலை மட்டும் சேர்த்தாள்.

முறத்துக்காரி கூட்டினாள், அள்ளினாள், புடைத்தாள். மண்ணும் கல்லும் ஒருபக்கம், துவரை ஒருபக்கம். ஒரு படி தேறியிருக்கும். கடைக்குள்ளிருந்து யாரோ "சீக்கிரம் ஆகட்டும்" என்று சத்தம் போட்டார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாள் முழுக்க அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒதுங்கி, எல்லோருக்கும் குனிந்து நடக்கிற பெண் அவள். அந்த நீள்சதுரத்துக்குள் இருந்த நேரம்வரை முழங்கை இரண்டும் விரிந்திருந்தன. ஒரு பைக் அதை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனது.

பின் தெருக்களில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஏழெட்டுப் பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள், முழங்கால் ஒன்றையொன்று தொடும்படி. ஒருவர் கம்பி வளைக்கிறார், ஒருவர் பற்றவைக்கிறார், ஒருவர் சலங்கை கோக்கிறார். உரையாடல் பொது, பாட்டு பொது, மின்விசிறி பொது. அவரவர் மடிக்கு முன்னால் கிடக்கிற தூள் மட்டும் பொது இல்லை. அது வெள்ளி. பட்டறை மண்ணைக்கூடக் கூட்டிச் சேர்த்து விற்கிற தொழில் இது. எழுந்து போகிறவர் முதலில் உட்கார்ந்த இடத்திலேயே மடியை உதறுகிறார், உள்ளங்காலைத் தட்டுகிறார், பிறகுதான் அடி எடுத்து வைக்கிறார். விருந்தாளி யாராக இருந்தாலும் வாசற்படியோடு சரி. உள்ளே வாங்க என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதில் மரியாதைக் குறைவும் இல்லை.

மறுபடி டீக்கடை. பெஞ்சின் நடுவே இரண்டு பெரியவர்கள். ஒருவர் பழைய மாட்டுத் தரகர் என்பது இடுப்பு பெல்ட்டிலும் குரலிலும் தெரிந்தது. விற்பனைக்கு வந்திருப்பது மாடு அல்ல, மற்றவருடைய பழைய டிவிஎஸ் எக்ஸெல். விலையைச் சொல்லுங்க என்று கேட்காமல் தரகர் வலது கையை நீட்டினார். மற்றவரும் சிரித்துக்கொண்டே நீட்டினார். தோளில் இருந்த துண்டு இறங்கி இரண்டு கையையும் மூடியது.

மாட்டுச் சந்தைகளில் இப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்குள் விரல்கள் பிடிபடுகின்றன, அழுத்தப்படுகின்றன, விடுபடுகின்றன. எந்த விரல் எத்தனை, அது நூறா ஆயிரமா என்பது பேசுகிறவர்களுக்குள் தெரிந்த கணக்கு. சுற்றிலும் ஐம்பது பேர் மூச்சு முட்ட நின்றாலும் அந்த ஒரு முழத் துணிக்குள் இரண்டே பேர். முகங்கள்கூட அதில் சேர்வதில்லை. தரகர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர் போண்டாத் தட்டை. ஒருமுறை மற்றவர் கையை வெடுக்கென்று உருவப் பார்த்தார், தரகர் விடவில்லை. பிறகு ஒரு நீண்ட அழுத்தம். துண்டு எடுக்கப்பட்டது. பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்றாமவர் ஆவல் தாங்காமல் "எவ்வளவுக்குங்க?" என்றார். "டீ சூடு ஆறுது, குடிங்க" என்றார் தரகர். சுவரும் கதவும் வைத்துக் கட்டிய அறைகளில் இவ்வளவு அந்தரங்கம் கிடைப்பதில்லை.

அதே துண்டு எல்லாத் தோளுக்கும் அனுமதிக்கப்பட்டதாக இருந்ததில்லை. மேல்சாதிக்காரர் எதிர்ப்பட்டால் தோளில் இருப்பது இடுப்புக்கோ அக்குளுக்கோ போக வேண்டும், காலில் இருப்பது கைக்கு வர வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் பல ஊர்களில் உடம்புக்கு எழுதி வைத்த சட்டம். சுயமரியாதை இயக்கத்தார் தோள்துண்டை ஒரு போராட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1924ல் பெரியார் வைக்கத்துக்குப் போய்ச் சிறைப்பட்டதும் ஒரு கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதர் நடக்கலாமா கூடாதா என்கிற வழக்கில்தான். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இதே சேலத்தில், 1944 ஆகஸ்டில். அதன் பிறகு எண்பது ஆண்டு கடந்துவிட்டது. காலையில் கூலி வாங்கியவரின் துண்டு தோளுக்குப் போகாமல் அக்குளுக்குப் போனதைப் பார்த்தோம். வியர்வைத் துண்டு, தோளில் போட்டால் சட்டை நனையும் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் கால் ஏன் படியேறவில்லை?

இளைய சுமைக்காரர்கள் துண்டே வைத்துக்கொள்வதில்லை. சும்மாட்டுக்குப் பழைய டீஷர்ட். காதில் வயரில்லாத இயர்போன். கூலி ஜிபேயில் வருகிறது. தெருவில் நின்றபடியே போனைப் பார்த்து, "வந்துருச்சுங்ணா" என்று முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போகிறான் ஒருவன். வளையவும் வேண்டாம், கை நீட்டவும் வேண்டாம். மண்டிக்காரருக்கு ஏதோ குறைவதுபோல் முகம். என்னவென்று சொல்ல வரவில்லை.

2020ல் அரசாங்கமே தூரத்தை அளந்து தரையில் வட்டம் போட்டது. ரேஷன் கடை, மளிகைக் கடை எங்கும் சுண்ணாம்பு வட்டங்கள். ஹாலின் அங்குலங்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே அரசு ஆதரவு அதுதான். ஜனங்கள் வட்டத்துக்குள் பையை வைத்தார்கள், செருப்பை விட்டார்கள், செங்கல்லை வைத்தார்கள். பைகள் சமூக இடைவெளியோடு வெயிலில் வரிசையில் நின்றன. பைக்குச் சொந்தக்காரர்கள் மர நிழலில் தோளோடு தோள் உட்கார்ந்து கொரோனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதத்தில் குகை வண்டி வேடிக்கைக்குச் சாலையோரம் பாய் விரித்து இடம் பிடிக்கிற ஊருக்கு வட்டத்தின் பயன் வேறு எப்படிப் புரியும்?

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற டவுன் பஸ் வந்தது. முழுதாக நிற்பதற்குள் கம்பி இடுக்கு வழியாக ஒரு துண்டு உள்ளே பறந்து இரண்டு பேர் இருக்கையின் பாதியில் விழுந்தது. எறிந்தவர் நாற்பது வயதுக்காரர்; படிக்கட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டார். ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் 1960களில் நூலக நாற்காலிகளில் இதையே சோதித்தார். ஒருவருடைய சொந்தப் பொருள் என்று தெரிகிற கோட்டும் நோட்டும் கூட்டத்திலும் இடத்தைக் காத்தன. நூலகத்துப் பத்திரிகைகள் அவ்வளவாகக் காக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரே பல நேரம் காவல்காரராக மாறி, ஆள் இருக்கிறது என்று சொல்வதையும் அவர் கண்டார். இங்கேயும் ஜன்னலோரப் பெரியவர் இரண்டு பேரிடம் "துண்டு கெடக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எறிந்தவரை அவருக்கு முன்பின் தெரியாது.

2021லிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கூட்டத்தில் அவர்கள் பங்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடியிருக்கிறது. பெண்கள் பக்கம் என்று எழுதிய வரிசைகள் நிரம்பி, மற்ற வரிசைகளுக்கும் வருகிறார்கள். நின்றபடி வருகிற கல்லூரிப் பெண்கள் முதுகுப்பையை முன்னால் மாட்டி இரு கையாலும் கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பை புத்தகத்துக்காக மட்டும் அல்ல. பின்னால் நிற்கிறவன் பஸ் குலுங்காத நேரத்திலும் சாய்ந்தால் முழங்கை எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்பது அவர்களுக்கு அம்மாவும் அத்தையும் சொல்லிக்கொடுத்தது.

கூடையோடு ஏறிய ஒரு அம்மாள், அறுபதைத் தாண்டியவர், நேராகத் துண்டு கிடந்த இருக்கைக்கு வந்தார். பெரியவர் வாய் திறப்பதற்குள் துண்டை எடுத்தார், நான்காக மடித்தார், உட்கார்ந்தார். மடியில் துண்டு, துண்டின்மேல் கூடை.

நாற்பது வயதுக்காரர் நீந்தி வந்து சேர்ந்தார். "அக்கா, அதுல துண்டு போட்டிருந்தேனுங்க."

"ஆமாங் தம்பி, பாத்தேன். கீழ விழுந்துரப் போவுதுன்னு எடுத்து மடிச்சு வெச்சிருக்கறேன்."

"எடம் புடிச்சிருந்தேனுங்க."

"கால் வலிக்குதுங்களா உங்களுக்கு? வலிச்சாச் சொல்லுங்க, எந்திரிச்சுக்கறேன்."

இதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆள் இருக்கிறது என்று காவல் காத்த பெரியவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ போர்டைப் படிக்கத் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுவும் கண்ணால் செய்கிற மரியாதைதான். ஒரு நிறுத்தம் போனதும் அந்தம்மாளே இடுப்பை ஜன்னல் பக்கம் நெருக்கி, "சித்த ஓரத்துல ஒண்டிக்குங்க தம்பி" என்றார். அவர் ஒரு பக்கத் தொடையை மட்டும் இருக்கையில் வைத்து, ஒரு காலை நடைபாதையில் ஊன்றி உட்கார்ந்தார். கண்டக்டர் ஒவ்வொரு முறை தாண்டும்போதும் அந்தக் காலை மடக்கிக்கொண்டார். துண்டைத் திருப்பிக் கேட்கலாமா என்று இரண்டு முறை அந்தம்மாளின் மடியைப் பார்த்தார். கூடையில் இருந்தது ஈரக் கொத்தமல்லி. சொட்டுகிற தண்ணீர் புடவையில் படாமல் துண்டுதான் வாங்கிக்கொண்டிருந்தது.